நைட் டியூட்டியும் ஒரு வால் நட்சத்திரமும்

2024 அக்டோபர் 1, விடியக்காலை 5 மணி. வார்டு அடங்கியிருந்தது. "பத்து நிமிஷம் மொட்டை மாடில இருப்பேன், ஏதாவதுன்னா உடனே கூப்பிடுங்க"ன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு கேமராவோட ஏறினேன்.

தேடினது சுச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரம். 4 நாள் முன்னாடிதான் சூரியனை நெருங்கிச் சுத்தி வந்திருந்தது.

பழைய கேனான், கூடவே வந்த 18-55 லென்ஸ், ஆடுற ட்ரைபாட். இருட்டுல ஆட்டோஃபோகஸ் கைகொடுக்காது. சிரியஸை ஸ்க்ரீன்ல பெரிசாக்கி, அது சின்னப் புள்ளியாகுற வரை கையால திருப்பினேன். 55 மி.மீ, ஐஎஸ்ஓ 1600, 4 செகண்ட். ரொம்ப நேரம் திறந்து வச்சா பூமி சுத்துறதுல நட்சத்திரம் கோடா இழுக்கும்.

கிழக்கே கண்ணுக்குத் தெரிஞ்சது லேசான தீற்றல். படத்துல வால் தெளிவா நின்னுச்சு.

இறங்கும்போது படியில ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்னு முந்தின ராத்திரி அட்மிட் ஆனவர். என்ன படம்னு கேட்டாங்க. சொன்னதும் முகம் மாறிடுச்சு.

"அது தெரிஞ்சா உசுரு போகும்பாங்களே சார்?"

பக்கத்துல உக்காந்தேன். "அது பனியும் தூசியும்மா. சூரியன் சூட்டுல ஆவியாகி வாலா நீளுது. பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அவருக்கு இப்ப பிரஷர் நல்லா இருக்கு. காலைல மறுபடி இசிஜி பாப்போம்."

பொழைச்சுக்குவார்னு சத்தியம் பண்ண முடியல.

கொஞ்ச நேரம் கழிச்சு, "காட்டுங்க சார்." பார்த்துட்டு, "வெளக்குமாறு மாதிரில்ல இருக்கு!"

ஒரு வாரத்துல அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். அதுக்கும் வால் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் பொழைக்காம போயிருந்தாலும் சம்பந்தம் இருந்திருக்காது.