முகத்துக்கு உரிய ஒளி

மனித முகத்தைப் படமாக்குவது எளிய செயல் என்றே பலரும் கருதுகின்றனர். பொத்தானை அழுத்தினால் முகம் தானே பதிந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். கைபேசி வந்த பின் இவ்வெண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் பதிவது முகமா, முகத்தின் நிழலா என்பதை ஒளியே தீர்மானிக்கிறது. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகவும் கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தை விருப்பமாகவும் கொண்ட எனக்கு இவ்வுண்மையை உணர்த்தியவை நம் கல்லூரியின் குழுப்படங்கள்.

ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட அப்படங்களில் முன்வரிசை நாற்காலிகளில் பெரியோர்கள் வீற்றிருப்பர். அவர்களுக்குப் பின்னே ஆசிரியர்கள். கடைசி வரிசையில் அலுவலகத்தாரும் பணியாளரும். அக்கடைசி வரிசையின் ஓரத்தில் படத்துக்குப் படம் நூலகப் பணியாளர் ஒருவர் நிற்கிறார். வெள்ளைத் தொப்பி தெரிகிறது. வெள்ளைச் சட்டை தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருந்திட்டு மட்டும் இருக்கிறது. கரிய மேனியரான அவர் முப்பது ஆண்டுகள் எங்களுக்கு நூல் எடுத்துக் கொடுத்தவர். எந்த அலமாரியில் எந்த உரைநூல் இருக்கிறது என்பதை அட்டவணையைப் பாராமலே சொல்லக் கூடியவர். ஆயினும் எந்தப் படத்திலும் அவருக்கு முகம் இல்லை.

இது எவருடைய பகையாலும் நேர்ந்ததன்று; கணக்கால் நேர்ந்தது. ஒளியளவி எதை நோக்கினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக்கொள்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பரப்பே அதன் அளவுகோல். வெள்ளுடை உடுத்திய கூட்டத்தை அது நோக்கினால், ஒளி மிகுதி என்று முடிவு கட்டிப் படம் பெறும் ஒளியைக் குறைக்கச் சொல்லும். அக்குறைப்பில் வெள்ளைச் சட்டை பிழைத்துக்கொள்ளும். கரிய முகம் மறைந்து போகும். இதற்கு மாற்றாகப் படநிலையங்கள் பல கையாண்ட வழியோ வேறொரு கொடுமை. நெகடிவின் மேல் பென்சிலால் தீட்டி, அச்சில் முகம் வெளுத்துத் தோன்றுமாறு செய்வார்கள். மணமகளின் படமென்றால் தீட்டல் இருமடங்காகும். ஒரு வழியில் முகம் காணாமற் போகிறது; மறுவழியில் வேறொருவர் முகம் வந்து சேர்கிறது.

ஏறத்தாழ 965இல் பஸ்ராவில் பிறந்த அறிவியலறிஞர் இப்னு அல்-ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாவதில்லை. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வந்து சேர்வதாலேயே உண்டாகிறது என்று விளக்கினார். ஒளிப்படம் எடுப்போர் மனத்திற் கொள்ள வேண்டிய கருத்து இது. ஒருவர் முகத்திலிருந்து வரும் ஒளியை முறையாக வாங்கிக்கொள்வதே நம் பணி. நாம் விரும்பும் நிறத்தை அவர்மேல் பூசுவதன்று.

அப்பணியாளர் ஓய்வு பெறவிருந்த மாதத்தில் அவரைத் தனியே ஒரு படம் எடுப்பதென்று முடிவு செய்தேன். என்னிடம் இருந்தது இரட்டை வில்லை கொண்ட பழைய யாசிகா-மேட். ஜெர்மனியில் 1929இல் வெளிவந்த ரோலைஃபிளெக்ஸ் புகழ்பெறச் செய்த அமைப்பு அது. மேல் வில்லை பார்ப்பதற்கு. கீழ் வில்லை படம் பதிவதற்கு. 120 எனப்படும் அகலச் சுருளில் 12 சதுரப் படங்கள் விழும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 56 மி.மீ. பக்கமுடையது. 24க்கு 36 மி.மீ. அளவுள்ள சிறு சுருளின் கட்டத்தைவிடப் பரப்பில் இது மூன்றரை மடங்குக்கும் மேல். 8 அங்குலச் சதுரமாக அச்சிட இதனை ஏறத்தாழ மூன்றரை மடங்கு பெரிதாக்கினால் போதும். சிறு சுருளையோ எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கம் குறையக் குறைய வெள்ளி மணிகள் அடங்கும். தோலின் நுண்கோடுகள் தெளியும்.

இக்கருவிக்கு மற்றொரு பண்பும் உண்டு. இதனை வயிற்றளவில் நிறுத்திக் குனிந்து பார்க்க வேண்டும். எடுப்பவர் தலை தாழ்கிறது. எதிரில் இருப்பவர் தலை நிமிர்கிறது. வாழ்நாளெல்லாம் பிறர்முன் பணிந்து நின்ற ஒருவரைப் படமெடுக்க இதனினும் ஏற்ற கருவி இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

வெயில் நேரே விழாத சன்னல் ஒன்றின் அருகே நூலகத்து நாற்காலியைப் போட்டேன். முகத்தின் நிழற்பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டேன். அது சன்னல் ஒளியைச் சிறிதளவு திருப்பி அனுப்பும். "தொப்பியைக் கழற்றிவிடட்டுமா சார்? வெள்ளை அடிக்கும் என்பார்களே" என்று கேட்டார். "வேண்டாம் பாய், அது இருக்கட்டும்" என்றேன்.

வெண்குமிழ் பொருத்திய ஒளியளவியை அவர் முகத்தருகே வைத்து, கருவியை நோக்கித் திருப்பி அளந்தேன். இம்முறையில் வந்து விழும் ஒளி மட்டுமே கணக்கு. சட்டையின் வெண்மையும் தோலின் கருமையும் அளவியை ஏமாற்ற இயலா. அத்தகைய அளவி இல்லாதார் உள்ளங்கையை அளக்கலாம். மேனி நிறம் எதுவாயினும் மாந்தரின் உள்ளங்கைகள் பெரிதும் வேறுபடுவதில்லை. அவை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி ஒளி மிக்கவை. எனவே அளவி காட்டுவதற்கு மேல் ஒரு படி, அதாவது இருமடங்கு ஒளி தர வேண்டும். நிறத்தால் மாந்தரைத் தரம் பிரிப்போர் உள்ளங்கையை நோக்குவதில்லை போலும்!

உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' படச்சுருளில் பயின்ற தலைமுறை எங்களுடையது. அவ்வாலை இன்று இயங்கவில்லை. இங்கிலாந்தில் தயாராகும் இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் இன்றும் கிடைக்கிறது. 400 வேகமுடைய அச்சுருளை 200 எனக் கொண்டு, ஒரு படி கூடுதல் ஒளி தந்தேன். நெகடிவில் பதியாத நிழலை எந்த மருந்தும் மீட்டுத் தராது என்பதே காரணம்.

அடுத்தது கூர்மை. ஒன்றரை மீட்டர் தொலைவில் 80 மி.மீ. வில்லையை எஃப் 3.5 அளவில் முழுதும் திறந்தால் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 12 செ.மீ. மட்டுமே, கண் தெளிந்தால் காது மங்கும். எஃப் 5.6 என்று சுருக்கினால் ஏறத்தாழ 20 செ.மீ. கிடைக்கும், முகம் முழுதும் அதற்குள் அடங்கும். மூடியின் வேகம் நொடியில் 30இல் ஒரு பங்காயிற்று. அவ்வேகத்தில் கை நடுங்கும். ஆகவே முக்காலியும் விசைக்கம்பியும் வேண்டும். உருப்பெருக்கி வில்லையை விரித்துக் கருவிக்கு அருகிலுள்ள கண்ணின் இமைமயிரில் குவியத்தை நிறுத்தினேன்.

முதல் ஏழு படங்களிலும் அவர் கருவியையே அஞ்சி நோக்கினார். பிறகு, பழைய உரைநூல் ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "மூன்றாவது பீரோ, நாலாம் தட்டு சார்" என்று சொல்லி நிறுத்தினார். அந்நிமிர்வு மாறுவதற்குள் எட்டாவது படத்தை எடுத்துவிட்டேன்.

இருட்டறை வேலைக்கு நம் ஊர்க் குழாய்நீர் ஏற்றதன்று. டி-76 மருந்தைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து 20 பாகை செல்சியசுக்குக் கொண்டுவந்தேன். சூடு மிகுந்தால் கருமை அளவு கடந்து ஏறும். 400 வேகத்துக்குக் குறித்துள்ள ஏழரை நிமிடத்தினும் சற்றுக் குறைத்தே கழுவினேன். கூடுதல் ஒளி பெற்ற தொப்பியும் சட்டையும் வெந்து போகாமல் இருக்க அது உதவும். அச்சில் பென்சில் படவில்லை. நெற்றியின் சுருக்கங்களும், தாடியின் நரையும், கன்னத்தின் கருமைக்குள் இருந்த பலவகைச் சாம்பல் நிறங்களும் தாமாகவே வெளிப்பட்டன. கருமை என்பது ஒரே நிறமன்று என்பதை அன்று கண்டேன்.

படத்தை அவர் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "எங்க அத்தாவைப் பார்த்த மாதிரி இருக்கு சார். அத்தாவுக்குப் போட்டோவே கிடையாது" என்றார். தம் முகத்தில் தந்தையின் முகம் இருப்பதை அறுபது வயதை நெருங்கும்போது ஒருவர் முதன்முறையாகக் காண்கிறார். மறைக்கப்பட்ட முகத்தோடு மறைந்து போவது ஒருவர் மட்டுமல்லர். அவருக்கு முன்னோரும் மறைகின்றனர்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவேன். உங்களிடம் எந்தக் கருவி இருப்பினும் முறை ஒன்றே. வீட்டிலுள்ள முதியோரைச் சன்னலருகே அமர வையுங்கள். சட்டைக்கு அன்று, முகத்துக்கு ஒளியை அளந்து கொடுங்கள். கண்ணில் கூர்மை நிற்கட்டும். வெளுப்பாக்கும் வித்தைகளை விட்டுவிடுங்கள். சுருளில் எடுத்திருந்தால் நெகடிவை ஈரம் புகாத தாளுறையில் இட்டு, அவ்வுறையின் மேல் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதி வையுங்கள். பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறை கடந்ததும் மீண்டும் முகமற்றதாகிவிடும்.