பதினொன்றாவது பெயர்



'டேட்டாபேஸ்' பீரியட் என்றாலே நம்மில் பலருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதில் வரும் 'மெனி டு மெனி' உறவு எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த உதாரணம். ஒரு மாணவன் பல பேப்பர் எழுதுகிறான். ஒரு பேப்பரைப் பல மாணவர்கள் எழுதுகிறார்கள். இரண்டு பக்கமும் 'பல'. அப்படியானால் மார்க்கை எங்கே போடுவது? மாணவர் அட்டவணையில் பேப்பர் 1, 2, 3 என்று கட்டம் போட்டால் நாலாவது பேப்பருக்கு இடம் கிடையாது. ஒரே கட்டத்தில் கமா போட்டுத் திணித்தால், கணக்கில் ஃபெயில் ஆனவர்கள் யார் என்று தேடுவதற்குள் மூச்சு முட்டும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பதை ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் காட் 1970-லேயே எழுதிவிட்டார்.

வழி இதுதான். நடுவில் மூன்றாவது அட்டவணை: மாணவர் எண், பேப்பர் எண், மார்க். மார்க் மாணவனுக்கு மட்டும் சொந்தமில்லை, பேப்பருக்கு மட்டும் சொந்தமில்லை. இரண்டும் சேர்ந்த இடத்துக்குச் சொந்தம். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க! அதே ஆள் அதே பேப்பரை மறுபடி எழுதுவதால், தேர்வு மாதமும் வருஷமும் சேர்ந்தால்தான் பிரைமரி கீ முழுமையாகும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறார். ஒரு நாள் ஒருவர் வயல், மறுநாள் இன்னொருவர் வயல். ஒவ்வொரு வயலிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். இதுவும் மெனி டு மெனிதானே! ஒரு வயல்காரர் நோட்டில் தேதிக்கு நேரே பத்துப் பெயருக்குத்தான் கட்டம். அம்மா பதினொன்றாவது ஆள். கூலி கொடுக்கும் அன்று, "உன் பேரு இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கூலி போயே போய்விட்டது.

அன்று ராத்திரியே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். முதல் பக்கம் பெண்கள், ஆளுக்கு ஒரு எண். அடுத்த பக்கம் வயல்கள், அதற்கும் எண். மற்ற பக்கம் எல்லாம் தேதி, ஆள் எண், வயல் எண், முழு நாளா அரை நாளா, கூலி வந்ததா இல்லையா. காலையில் ஒரு வயல், மதியம் வேறு வயல் என்றால் இரண்டு வரி.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நம்பர் பார்த்து பஸ் ஏறுகிறவர். 7 என்றால் தான்தான் என்று உடனே பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, அப்ப என் கூலி யாரு பக்கம் இருக்கு? எம் பக்கமா, அவரு பக்கமா?"

"ரெண்டு பக்கமும் இல்லம்மா. நடுவுல தனியா இருக்கு. எத்தனை பேரு வந்தாலும் எடம் இருக்கும்."

"அப்ப சரி. இன்னைக்கு அரை நாள், போடு."

இப்போது கூலி நாளன்று அந்த நோட்டும் வயலுக்குப் போகிறது. பழைய இரண்டு நாள் கூலி திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஏதாவது ஒரு ஆபீசில் உட்கார்ந்து அட்டவணை போடுவோம். இத்தனை கட்டம் போதும் என்று தோன்றும்போது, அதற்கு அடுத்து நிற்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இன்னொரு அட்டவணை போட ஐந்து நிமிஷம்தான் ஆகும்!