அப்பாயியின் ஊர்

2024இல் இறந்துபோன எங்கள் அப்பாயிக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியவர்'. அது எந்தத் தாயகம் என்று கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை. அவர் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். துறையூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனது அவருடைய தாத்தா.

விவரம் தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வயலைப் பங்கு வைக்கிற மாதிரி!

எங்கள் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாயியின் தங்கை வீட்டுக்காரர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். பெண்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை. 1973இல் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை அப்பாயி 'அழுகைக் கோச்சி' என்றுதான் சொல்வார். பிறகு கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கீரிப்பாறை ரப்பர் தோட்டம். அப்போது அது வனத்துறையிடம் இருந்தது. 1984இல் அரசு ரப்பர் கழகம் வந்தது.

"கொழுந்து கிள்ளுன கையி, கத்தி பிடிக்க ஒரு வருஷம் ஆச்சு" என்பார். விடியும் முன்னே பால்வெட்டு. திரும்பி வந்ததும் பால் இல்லாத பிளேன்டீ, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. தேங்காய் ரொட்டியும் சம்பலும் இல்லாத ஞாயிறு எங்கள் வீட்டில் கிடையாது. (நாகர்கோவில் ஓட்டலில் கேட்டால் தேங்காய்ச் சட்னியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அது வேறு, இது வேறு ஐயா!)

எனக்கு வியப்பாக இருப்பது இதுதான். அந்த ஊரில் அப்பாயிக்கு ஒரு சென்ட் நிலம் இல்லை. லயம்கூடத் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்'. இங்கே அக்கம்பக்கத்தில் 'சிலோன்காரி'. ஆனாலும் "ஊர்ல" என்று அவர் பேச்சைத் தொடங்கினால் அது அட்டன்தான். ஐம்பது வருடம் இருந்த கீரிப்பாறை கீரிப்பாறைதான்.

1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. அதன்பின் தங்கையை அவர் பார்க்கவே இல்லை. தங்கை இறந்த செய்தி கடிதத்தில் வந்தது, அதுவும் காரியம் முடிந்த பிறகு.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதை டிவியில் காட்டினார்கள். அப்பாயிக்கு எண்பது வயது, கண் சரியாகத் தெரியாது. சத்தத்தை வைத்தே என்னைக் கூப்பிட்டார்.

"அங்கேருந்து அட்டனுக்குக் கோச்சி இருக்காய்யா?"

"இருக்கு அப்பாயி. பொல்காவலையில மாறணும்."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

"அப்ப போய்ச் சேர ராத்திரியாயிரும். குளிரு தாங்காது. பெட்டியில என் கம்பளி கெடக்கு, எடுத்து வெயில்ல போடு."


போட்டேன்.