அக்கரைக்குச் செல்லும் வழி



பிழைப்பைத் தேடிப் பட்டணத்துக்கு வந்த நமக்கு, முதன்முதலாக வாங்கும் வாகனம் ஒரு சாட்சியாகவே இருக்கிறது. சாவியைப் போதகரின் கையில் கொடுத்து ஜெபித்து, சபையாரின் முன் ஸ்தோத்திரம் செலுத்திய பின்னரே அதை ஓட்டத் தொடங்குகிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் ஜெபித்து வாங்கிய வண்டியை எப்பொழுது எடுப்பது, எப்பொழுது வீட்டில் நிறுத்திவைப்பது என்பதும் தேவ சமுகத்தில் வைக்க வேண்டிய காரியமே. இம்மாதம் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

நான் வசிக்கும் மட்டாஞ்சேரிக்கு அருகே, கோட்டைக் கொச்சிக் கரையில் நின்றால் வைப்பின் தீவு எதிரிலேயே தெரியும். நடுவே இருப்பது காயல் கடலோடு சேரும் முகத்துவாரம். ஜங்காரில் ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை சேரலாம். சாலை வழியே தோப்பும்படி, எர்ணாகுளம், கோஸ்ரீ பாலங்கள் என்று சுற்றிச் சென்றாலோ ஏறக்குறைய 16 கிலோமீட்டர். 2004-இல் அப்பாலங்கள் திறக்கப்பட்டது நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் பெரும் ஆறுதலாயிற்று. எனினும், பாலம் இருப்பதால் எல்லாப் பயணத்துக்கும் பாலத்தையே நாட வேண்டும் என்பதில்லை.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. அது எரியும்பொழுது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயுவாக மாறுகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒரு குடும்பம் ஞாயிறுதோறும் வைப்பினுக்குச் சாலை வழியே ஆராதனைக்குச் சென்று திரும்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2 லிட்டர். 52 ஞாயிறுகளில் வெளியேறும் வாயு ஏறக்குறைய 240 கிலோ! ஆராதனைக்குச் சென்று வரும் பயணத்தில் மட்டும் இவ்வளவு.

இந்தப் புகை எங்கே போகிறது? நம் கண்ணுக்கு மறைந்தாலும் அது வானத்தில் தங்கி, பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, கடலும் சூடேறுகிறது. சூடேறிய நீர் விரிவடைவதாலும் பனிப்பாறைகள் உருகுவதாலும் கடல்மட்டம் உயருகிறது. அரபிக்கடலில் கடும் புயல்கள் முன்னைவிட அதிகரித்திருப்பதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். எந்த ஒரு புயலையும் ஒரு தனி வாகனத்தின் மேல் சுமத்த முடியாது. ஆனால் 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலைக் குமரி மாவட்டக் கடற்கரையில் யார் மறக்கக்கூடும்? மீன்பிடிக்கச் சென்றவர்களில் அநேகர் திரும்பவில்லை. வைப்பினில் எடவனக்காடு போன்ற இடங்களில் கடலேற்றக் காலத்தில் உப்புநீர் வீட்டு முற்றங்களுக்குள் புகுந்துவிடுகிறது. காளமுக்கிலும் முனம்பத்திலும் படகேறும் தமிழ்ச் சகோதரர்கள் நம்முடைய இனத்தார். நம்மிலும் பிறரை நேசிப்போம் என்று ஜெபிக்கிற நாம், அவர்களுடைய கடலை நினையாமல் வண்டியை எடுக்கலாமா?

“இயேசு சீக்கிரம் வருகிறார், இந்தப் பூமியோ அழிந்துபோவது, இதற்கு ஏன் இவ்வளவு கவலை?” என்று சிலர் கேட்பதுண்டு. வருகை சமீபம் என்பது நம்முடைய நம்பிக்கை. ஆனால் எஜமான் திரும்பி வருகிறார் என்று அறிந்த உக்கிராணக்காரன் வீட்டைப் பாழாக்கி வைப்பானோ? இந்தப் பூமி ஆண்டவருக்குச் சொந்தம் என்று சங்கீதம் 24 நமக்குக் கற்பிக்கிறது. பூமியைக் கெடுப்போருக்கும் நியாயத்தீர்ப்பு உண்டென்று வெளிப்படுத்தல் 11-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. வருகையை எதிர்நோக்குகிறவனே மிகுந்த பொறுப்போடு வாழ வேண்டியவன்.

“படகில் போனால் மதிப்புக் குறையாதோ?” என்பது வேறு சிலரின் தயக்கம். நம் ஆண்டவர் கெனேசரேத்துக் கடலோரத்தில் சீமோனின் படகில் உட்கார்ந்து போதித்தார். எருசலேமுக்குள் பிரவேசித்ததும் இரவல் வாங்கிய கழுதைக்குட்டியின் மேலேதான். தமக்கென வாகனம் இல்லாததால் அவருடைய மகிமை குறைந்துபோகவில்லை.

கொச்சியில் வசிப்போருக்குக் கர்த்தர் நல்ல வழிகளைத் திறந்திருக்கிறார். 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கியபொழுது, உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கே முதல் படகு சென்றது. மின்கலத்தில் ஓடும் அப்படகில் 100 பேர் பயணம் செய்யலாம். 2024-இல் கோட்டைக் கொச்சியிலும், 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் அதன் துறைகள் திறக்கப்பட்டன. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் “ஆதித்யா” என்னும் சூரிய ஒளிப் படகு மக்களை ஏற்றிச் செல்லுகிறது. படகுக்கு ஏற்றப்படும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு உண்டு. ஜங்காருக்கும் டீசல் தேவை. ஆயினும் ஒரே படகில் பலர் சேர்ந்து குறுக்கு வழியே செல்லும்பொழுது, ஒவ்வொருவருடைய பங்கும் மிகச் சிறிதாகிவிடுகிறது.

ஆகையால், பிரியமானவர்களே, சில காரியங்களை உங்கள் குடும்ப ஜெபத்தில் வைத்து யோசியுங்கள். கடைக்கும் பள்ளிக்கும் நடந்து செல்லக்கூடிய தூரமானால் நடந்து செல்லுங்கள். வேலைக்குப் போகும் ஆறு நாட்களில் இரண்டு நாட்களாவது பேருந்திலோ படகிலோ செல்லத் தீர்மானியுங்கள். முழு இரவு ஜெபம் முடியும் வேளையில் படகு இராது. முதியோரும் கைக்குழந்தைக்காரரும் வெகுதூரம் நடக்கவும் இயலாது. அப்பொழுது வண்டியை எடுங்கள். ஆனால் காலி இருக்கையோடு எடுக்காமல், அதே வழியில் வரும் விசுவாசிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். சபை மூப்பர்களும் ஆராதனை தொடங்கும் நேரத்தைப் படகு வரும் நேரத்தோடு பொருத்தினால், வண்டி இல்லாத ஏழைக் குடும்பமும் வெட்கமின்றி, தாமதமின்றி வந்து சேரும்.

மேலும், படகில் அருகே அமருகிறவர் ஓர் ஆத்துமா. மூடிய காரில் கிடைக்காத சுவிசேஷ வாசல் அங்கே உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேதாகமத்தைக் கையில் எடுக்கும்பொழுது, வண்டிச் சாவியையும் எடுக்கத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் கர்த்தரிடம் கேளுங்கள். அவர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.