வயர் எங்கிருந்து வருது?

டிவி ட்யூனர் கார்டு வேண்டும் என்று யாராவது வந்தால் கம்ப்யூட்டரைப் பற்றி நான் கடைசியில்தான் கேட்பேன். "வீட்டுக்கு வயர் எங்கயிருந்து வருது?" என்பதே முதல் கேள்வி. கேபிள்காரர் இழுத்ததா, தட்டட்டியில் டிஷ் நிற்கிறதா, நின்றால் எந்தக் கம்பெனி டிஷ்? இது தெரியாமல் சிபியுவைத் திறந்து பார்த்துப் பயனில்லை. அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை.

தென்காசி வட்டாரத்தில் இந்த வேலை அதிகம் இருந்தது அனலாக் கேபிள் காலத்தில். எல்லா சேனலும் ஒரே வயரில் பூட்டில்லாமல் வரும், கார்டின் பின்னால் செருகினால் படம் வந்துவிடும். சத்தம்தான் தகராறு. இந்தியாவில் பின்பற்றியது பால்-பி/ஜி முறை. அதில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. சீனாவில் அது 6.5, இங்கிலாந்தில் 6. அந்த நாட்டுக்கென அமைத்த கார்டு இங்கே வந்தால் படம் பளிச்சென்று இருக்கும், ஸ்பீக்கரில் இரைச்சல்தான். மென்பொருளில் நாட்டை மாற்றினால் பல கார்டுகள் வழிக்கு வரும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்கு மட்டுமே செய்த ட்யூனருக்கு அந்த வைத்தியம் பலிக்காது. இன்னொன்றும் உண்டு: அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றில் ஒலி தனியாக ஒரு சிறு வயர் வழியே சவுண்ட் கார்டின் லைன்-இன்னுக்குப் போக வேண்டும். "சத்தமே வரல அண்ணாச்சி" என்று தூக்கிக்கொண்டு வந்த சிபியுக்களில் அந்த வயர் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது.

கார்டில் பார்க்க வேண்டியது சிப்பை. பத்துப் பெயரில் பத்து விலையில் விற்றாலும் உள்ளே இருப்பது பிடி878, பிலிப்ஸ் எஸ்ஏஏ7134 போன்ற சில சிப்கள்தான். டிரைவர் பேசுவது சிப்போடு. லினக்ஸில் பேரில்லாக் கார்டைப் போட்டால், அது என்ன கார்டு, எந்த ட்யூனர் என்று எண்ணைக் கொடுத்து நாமே சொல்ல வேண்டும். ட்யூனரின் தகரப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை டார்ச் அடித்துப் படித்தால்தான் அந்த எண் கிடைக்கும். பதிவு செய்வது அதைவிடப் பெரிய பாடு. சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி அளவுக்குப் போகும். ப்ராசஸர் சுருக்கித் தள்ள வேண்டும், இல்லையென்றால் கார்டிலேயே அதற்கான சிப் வேண்டும். சீரியலைப் பதிந்து வைக்க ஆசைப்பட்டவர்களுக்கு ஹாப்பாக் பிவிஆர்-150 மாதிரி கார்டையே சொல்வேன், விலை கூடினாலும்.

2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோதும் பெரும்பாலும் அனலாக்தான். 2017இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்து செட்டாப் பாக்ஸ் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. சேனல்கள் பூட்டப்பட்டுவிட்டன. சாவி பாக்ஸுக்குள் இருக்கிறது, கார்டுக்குத் தரமாட்டார்கள். கட்டண டிஷ்களும் அப்படியே.

மிச்சம் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கியது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15இலிருந்து வருகிறது. (இந்த எண்ணைச் சொன்னதும் ஒருவர், "அது சூரியன் எஃப்எம் நம்பர்லா?" என்றார்.) இதற்கு டிவிபி-எஸ்2 கார்டு வேண்டும். பழைய டிவிபி-எஸ் கார்டில் எம்பெக்-2 சேனல்கள் கிடைக்கும், எம்பெக்-4 வரிசை கிடைக்காது. ஆன்லைனில் மலிவாக வரும் 'டிஜிட்டல் டிவி' யுஎஸ்பி குச்சிகளில் பெரும்பாலானவை டிவிபி-டி, அதாவது தரைவழி ஒளிபரப்புக்கானவை. தென்காசியில் அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. எஃப்எம் கேட்க வேண்டுமானால் ஆகும்.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் நின்றால் மலை மேற்கே இருக்கிறது. இந்தச் செயற்கைக்கோளோ தென்கிழக்கே, ஏறத்தாழ 68 டிகிரி உயரத்தில். மலை மறைக்காது, பக்கத்துத் தென்னை குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். குற்றாலச் சாரலில் சிக்னல் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெல்லிய தூறல் அலையை அவ்வளவாகத் தின்பதில்லை. படம் நிற்பது ஐப்பசியில் இடியோடு கொட்டும் மழையில். சாரல் காலத்துக் கெடுதல் வேறு மாதிரி: கணவாய்க் காற்று டிஷ்ஷை ஆட்டி போல்ட்டைத் தளர்த்தும், ஈரம் எஃப் கனெக்டருக்குள் இறங்கிப் பச்சை பிடிக்கும். கார்டை மாற்றச் சொல்லி வருகிறவர்களை முதலில் தட்டட்டிக்குத்தான் ஏற்றுகிறேன்.

டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பிக்கு மின்சாரம் கொடுப்பதும் கார்டுதான். 13 வோல்ட் என்றால் செங்குத்து அலை, 18 என்றால் கிடைமட்டம். கிடைமட்ட அலையில் வரும் சேனல்கள் மட்டும் கிடைக்கவில்லையென்றால் பெரும்பாலும் 18 போய்ச் சேரவில்லை. சில கார்டுகளில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் செருக வேண்டும். வாங்கும் முன் அந்த வயர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். புது மதர்போர்டுகளில் பழைய பிசிஐ ஸ்லாட் கிடையாது. ஒல்லிக் கேபினட் என்றால் அரை உயரப் பட்டை தேவை.

டிஜிட்டல் கார்டில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒரு டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்கள் சேர்ந்தே வருவதால், டிவிஹெட்எண்ட் மென்பொருளைப் போட்டுவிட்டால் ஒரே கார்டில் அவற்றில் நாலைந்தை ஒரே நேரத்தில் பதியலாம். சுருக்கும் வேலையும் கிடையாது, வருவதை அப்படியே வட்டில் எழுதிக்கொள்ளும்.

கட்டண டிஷ் வைத்திருப்பவர்கள் விடுவதில்லை. பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பின்களைப் பழைய கேப்சர் கார்டில் செருகலாம், சேனல் மாற்ற ரிமோட் மாதிரி மினுக்கும் சிறு விளக்கு ஒன்றைப் பாக்ஸின் முன்னால் ஒட்டலாம். எச்டிஎம்ஐ பக்கம் பூட்டு உண்டு. இத்தனையும் செய்தால் கிடைப்பது 576 வரிப் படம். அவர்களில் பாதிப் பேரிடம், கம்ப்யூட்டர் ஒரு எச்டிஎம்ஐயில், பாக்ஸ் இன்னொன்றில் என்று டிவியிலேயே செருகிவிட்டுப் பணத்தைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.