ஆராய்ச்சியும் அலுவலும்

கல்வியை முற்றக் கற்றார்க்கு அதற்கேற்ற அலுவல் உடன் வாய்த்தல் வேண்டுமென்பது யாவரும் விரும்பும் ஒன்றாம். ஆயினும், கல்வி முடிவெய்துங் காலமும் அலுவல் வந்தெய்துங் காலமும் ஒன்றுபடுதல் அரிது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தே கற்றவர் தம் அறிவினை எவ்வாறு காத்துக்கொள்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. முனைவர் பட்டம் பெற்று, ஆராய்ச்சித் தொழிலை நாடி, பல நிலையங்கட்கும் விண்ணப்பம் விடுத்துக் காத்திருக்கும் இளைஞர் இந்நாளிற் பலர். அன்னாரது நிலையைத் தெளிதற்கு எட்டயபுரத்தின் வரலாற்றிலே தக்க சான்றுகள் உள.

எட்டயபுரம், தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் நிலத்தே அமைந்த ஊர். முன்னர் ஒரு சமஸ்தானத்தின் தலைநகராய், புலவர்க்கும் இசைவாணர்க்கும் புகலிடமாய் அது விளங்கிற்று. முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே உடல் நீத்தனர். அவர்தம் இளவலார் பாலுசுவாமி தீட்சிதர் ஆங்கு அரண்மனை வித்துவானாய் அமர்ந்திருந்தார். அவரது சுவீகாரப் புதல்வராகிய சுப்பராம தீட்சிதரும் (1839–1906) அவ்வரண்மனையையே சார்ந்து வாழ்ந்தனர். குடும்ப வழியாக வந்த கீர்த்தனைகளும் இராக இலக்கணங்களும் அவர்பால் நிறைந்திருந்தன. உணவுக்கும் உறையுளுக்கும் குறையில்லை. எனினும், அவ்வறிவு நெடுங்காலம் நூல்வடிவு எய்திற்றிலது.

எம்.ஏ. பட்டம் பெற்றவரும், நம் நாட்டு இசையைக் குறியீட்டு முறையில் எழுதி நிலைநிறுத்துதலில் பெருவேட்கை கொண்டவருமாகிய சின்னசாமி முதலியார் என்பார், தீட்சிதரிடமுள்ள செல்வம் அவரோடு அழிந்துவிடலாகாது என வற்புறுத்தினர். சமஸ்தானத்தாரும் துணைநின்றனர். அதன் பயனாக ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலேயே வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியர்க்கு அகவை அறுபத்தைந்து. இரண்டாண்டில் அவர் காலமாயினர். நூல் இன்னுஞ் சிறிது காலந் தாழ்த்திருக்குமாயின், முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகள் பல இன்று எவ்வடிவில் எஞ்சியிருக்கும் என்பது எண்ணி நடுங்கத்தக்கது. இதனால், அலுவல் மாத்திரம் ஆராய்ச்சியைத் தாராது என்பதும், வினையை மேற்கொள்ளத் தூண்டுவார் ஒருவரும் அதனைத் தாங்குவார் ஒருவரும் வேண்டும் என்பதும் போதருகின்றன.

இனி, இதற்கு மறுதலையாயதோர் வாழ்க்கையும் அவ்வூரினின்றே தோன்றிற்று. சோமசுந்தர பாரதியார் 1879ஆம் ஆண்டில் எட்டயபுரத்திற் பிறந்தவர். கவியரசர் சுப்பிரமணிய பாரதியாரின் இளமைத் தோழர். சட்டம் பயின்று 1905ஆம் ஆண்டிலே தூத்துக்குடியில் வழக்கறிஞராயினர். வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் சுதேசிக் கப்பல் முயற்சியிலும் பங்குகொண்டனர். வழக்கு மன்றத்துப் பணிகளின் நடுவே தாமே பயின்று, 1913ஆம் ஆண்டில் தமிழில் எம்.ஏ. தேர்வில் வெற்றி பெற்றனர். தமிழுக்கு அந்நாளில் அதனினும் உயர்ந்த பட்டம் தேடுவார் இலர் எனலாம். பட்டம் வந்தது, அதற்குரிய ஆராய்ச்சிப் பதவியோ வந்திலது.

அஃது எப்பொழுது வந்தது? 1933ஆம் ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துத் தமிழ்த் துறைத் தலைமையாய் வந்தது. இடையிற் கழிந்தவை இருபது ஆண்டுகள். பதவி எய்தியபோது அவர்க்கு ஐம்பத்து நான்கு வயது. அப்பதவியும் ஐந்தாண்டே, 1938 வரையில், நிலவிற்று. இவ்வைந்தாண்டினை மட்டுமே அவரது ஆராய்ச்சிக் காலமாகக் கொள்வார் பெரிதும் ஏமாறுவர். தசரதன் குறையையும் கைகேயி நிறையையும் ஆராய்ந்த நூலும், சேரர் தாயமுறையையும் அவர்தம் பேரூரையும் பற்றிய ஆராய்ச்சிகளும், தொல்காப்பியப் பொருட்படலப் புத்துரையும் அவர் தந்தவை. வழக்கறிஞர் சான்றுகளை எதிரெதிர் நிறுத்தி வினவும் முறையே அவர்தம் எழுத்தில் ஓங்கி நிற்றலைக் கற்பார் எளிதிற் காண்பர். வயிற்றுக்காக மேற்கொண்ட தொழில் ஆராய்ச்சிக்குப் பகையாகாது, கருவியாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது 1955ஆம் ஆண்டிலேதான். பிறர்க்குத் தொடக்கமாகும் பட்டம் அவர்க்கு எழுபத்தாறாம் அகவையில், வினை முடிந்தபின் வந்தது.

எட்டயபுரத்துக்கு அணித்தாகிய கடற்கரையில் இதனை யொத்ததோர் வழக்கம் இருந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் ஆண்டுதோறும் சலாபம் நிகழ்வதில்லை. பார்களைச் சோதித்து, முதிர்ந்த சிப்பி போதிய அளவு உண்டென்று கண்ட ஆண்டிலேதான் குளிப்புக்கு உத்தரவு ஆகும். பல ஆண்டுகள் வாளா கழிதலும் உண்டு. அக்காலத்தே குளியாட்கள் கடலை மறந்து கரையில் இருந்தாரல்லர், சங்கு குளித்தனர். அதனால் மூச்சடக்கும் பழக்கமும் நீரடி நிலத்தின் அறிவும் அவர்பால் தேயாதிருந்தன. இறுதிச் சலாபம் 1961ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பின்னர்ப் பார்கள் வறண்டன. ஆயினும், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த அழகர்சாமி முதலிய அறிஞர் 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினர்.

இந்நாளில் நெசவிலும் தீப்பெட்டித் தொழிலிலும் ஈட்டிய கூலிகொண்டு மகனையோ மகளையோ முனைவராக்கிய பெற்றோர் அப்பகுதியில் இல்லாமலில்லை. பட்டம் பெற்று மீண்டவரை ஊரார் கேட்கும் முதற்கேள்வி, “வேலை ஆயிற்றா?” என்பதே. அது கொடுமையால் எழுவதன்று. கடன்சுமை அறிந்தோர் கேள்வி. நிலையான ஆசிரியப் பதவிகள் சில. கௌரவ விரிவுரையாளராய்ச் சிறு ஊதியத்திற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பார் பலர். பட்ட மேலாய்வுக்கென நடுவணரசு நிறுவனங்கள் வழங்கும் உதவித்தொகைகளோ பெரும்பாலும் இரண்டாண்டு அளவினவே. வயது வரம்பும் உடையன. இரண்டாண்டு முடிந்தவுடன் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் காத்திருப்பு. இதனால் ஆராய்ச்சியையே கைவிட்டொழிவாரும் உளர்.

இத்தகையோர் மேற்கொள்ளத்தக்கன சில. பட்டம் கைக்கு வந்தபின் தேடத் தொடங்குதலினும், ஆய்வேடு எழுதும் இறுதியாண்டிலேயே தேடத் தொடங்குதல் நன்று. நூறு நிலையங்கட்கு ஒரே கடிதத்தைப் படியெடுத்து விடுத்தலினும், தாம் உண்மையாகக் கற்றுணர்ந்த அறிஞர் ஐவர்க்கு, அவர்தம் ஆராய்ச்சியில் தமக்கெழுந்த வினாவோடு எழுதுதல் பயன்தரும். ஆய்வேட்டினைப் பெட்டியில் உறங்கவிடாது கட்டுரைகளாக வெளியிடுதல் வேண்டும். பிழைப்புக்கு வேறு தொழில் கொள்ள நேர்ந்தால் அதனை இழிவெனக் கருதாது, நாளில் ஒரு நாழிகையேனும் தம் பொருளுக்கென ஒதுக்குதல் வேண்டும்.

எனினும், பொறுமையைக் கற்றார்க்கு மட்டும் போதித்தல் நடுவுநிலைமை அன்று. சோமசுந்தர பாரதியார்க்கு வழக்கறிஞர் தொழில் இருந்தது. யாவர்க்கும் அத்தகைய தொழில் வாய்க்குமோ? இருபது ஆண்டுக் காத்திருப்பு அவர்க்குப் பெருமையாயினும், காக்க வைத்த நாட்டிற்குப் பெருமையாகாது. சமஸ்தானங்கள் மறைந்தன, அவற்றின் கடமை மறைந்திலது. செல்வமுடையோர் ஒரு நினைவு மண்டபம் எழுப்பும் பொருளில் ஓர் ஆராய்ச்சியாளரைச் சில ஆண்டு தாங்கலாம். அரசினரும் பல்கலைக் கழகத்தாரும் காலியாயுள்ள இடங்களைக் காலந் தாழ்த்தாது நிரப்புதல் கடன். சின்னசாமி முதலியாரைப் போலத் தேடிச்சென்று கேட்பார் ஒருவரேனும் ஊர்தோறும் தோன்றுவாராயின், கற்றவர் நெஞ்சில் உள்ளது அவரோடு மாயாது நூலாய் நிலைபெறும்.