நம்ம வண்டியா, அவங்க வண்டியா?

தில்லி மயூர் விஹாரில் உள்ள அந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிட முடியாது. மேஜை மீது பச்சைப் போர்வை விரிந்திருக்கும். அடியில் செருகிய பழைய புத்தகங்கள் மேடுகளாகவும், மேலே ஒட்டிய தேங்காய் நார் நாணல் புதராகவும் மாறியிருக்கும். நடுவே ஓடும் நீலத் துணிப்பட்டைக்கு முனாவர் தாவி நதி என்று பெயர். இரு கரையிலும் ஒன்பது சென்டிமீட்டர் நீள டாங்கிகள். வீட்டுக்காரர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். ஐம்பதைத் தாண்டியவர். "பேரன் எடுக்கிற வயசில்..." என்று ஆரம்பிக்கும் மனைவி ஒருநாளும் அந்த வாக்கியத்தை முடித்ததில்லை. அன்றைக்குச் சாப்பாடு அடுக்களைத் தரையில்.

2018 டிசம்பரில் அப்படி ஒரு ஞாயிறு. தரைத்தளத்தில் மகனோடு வசிக்கும் ஓய்வுபெற்ற ரிசால்தார் ஒருவர் தமிழ்ப் பத்திரிகை இரவல் வாங்க மேலே வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், எழுபதை நெருங்கியவர். 1971 போரில் டாங்கியில் பீரங்கி சுடும் பொறுப்பில் இருந்தவர். இது மேல்வீட்டுக்காரருக்கு அதுவரை தெரியாது. ரிசால்தாருக்கும் இந்த மேஜையைப் பற்றித் தெரியாது.

"இந்த ஆறும் யாருது?"

"நம்மளுது சார். டி-55."

ரிசால்தார் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குழலின் முனையை ஒட்டியிருந்த புடைப்பைக் கட்டைவிரலால் தடவினார். "இது அவங்க வண்டி தம்பி. எதிர்ல வந்திருந்தா நான் சுட்டிருப்பேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. இந்தியா வைத்திருந்த டி-54, டி-55 டாங்கிகள் சோவியத் தயாரிப்பு. பாகிஸ்தானிடம் இருந்தது சீனத்து டி-59, அதாவது டி-54இன் நகல். பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே தனி இடைவெளி, கவிழ்த்த வாணலி போன்ற தலை, எல்லாம் ஒன்றே. குழலின் முனையில் இருக்கும் அந்த உருளையும்தான். சுட்டபின் புகை டாங்கிக்குள் திரும்பி வராமல் தடுப்பது அதன் வேலை. 1971 போரில் சம்ப் முனையில் இந்த இரட்டைப் பிள்ளைகள் எதிரெதிரே நின்றன. எனவே இந்தியத் தரப்பு ஒரு தந்திரம் செய்தது. தன் டாங்கிகளின் குழல் நடுவில் ஒரு போலி உருளையை மாட்டியது. புகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும் சொந்தக்காரன் சுடாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் புடைப்பு என்றால் நம்முடையது, முனையில் மட்டும் என்றால் அவர்களுடையது.

இந்தச் சிக்கல் அதற்கு முந்தைய போரிலும் உண்டு. 1965-ல் ஷெர்மன் டாங்கி இரு தரப்பிலும் இருந்தது. அமெரிக்கச் சரக்கு, பாகப்பிரிவினை ஆன வீட்டு வெண்கலப் பானை மாதிரி.

டாங்கியை அடையாளம் காண்பதற்குச் சக்கரங்களை எண்ணுவது அரிச்சுவடி. டி-55க்கு ஐந்து, டி-72க்கு ஆறு, அர்ஜுனுக்கு ஏழு. ஆனால் வயலில் புல் சக்கரத்தை மறைக்கும், தூசி மிச்சத்தை மறைக்கும். அதனால்தான் படைகள் சிறு மாதிரிகளைக் கொண்டு கண்ணைப் பழக்கின. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. அளவு 72-ல் ஒரு பங்கு. இந்த அளவில் செய்த பொம்மையைப் பத்து மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜத்தை 720 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். போர் முடிந்த பிறகும் அந்த அளவு பொம்மைப் பெட்டிகளில் தங்கிவிட்டது. செக்ஷன் ஆபீசரின் டாங்கிகளும் 72-ல் ஒரு பங்குதான். பாடம் படிக்கச் செய்த அளவை வைத்து அவர் விளையாடிக்கொண்டிருந்தார், பாடத்தைப் படிக்காமலே.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தில்லியில் சரியான டாங்கி கிடைப்பது குதிரைக் கொம்பு. சதர் பஜார் மொத்தக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி எந்த நாட்டு ராணுவத்திலும் இருந்ததில்லை. வெளிநாட்டு கிட் விற்கும் கடைகளில் ஜெர்மன் டைகர் வரிசையாக நிற்கும், பஞ்சாப் பக்கமே எட்டிப் பார்க்காத டாங்கி. மீதியெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வரும் மைத்துனரின் பெட்டியில், ஊறுகாய் பாட்டில் திரும்பிப் போகிற இடத்தில் வந்தவை. தபாலில் வரவழைத்தால் சுங்கம். 2020-ல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-ல் 70. வரி அட்டவணையில் அளவு குறைத்துச் செய்த மாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பில் வருகின்றன. மனைவியின் கட்சிக்கு அரசாங்கமே சாட்சி.

ஆசைப்பட்ட ஒன்று மட்டும் மைத்துனர் பெட்டியிலும் வரவில்லை. ஆவடியில் செய்த விஜயந்தா. 1965-ல் முதல் வண்டி வெளிவந்த டாங்கி, மொத்தம் 2,000க்கு மேல் ஓடியது. அம்பத்தூரில் வளர்ந்த மனிதருக்கு இது மானப் பிரச்சினை.

அன்று ரிசால்தார் பத்திரிகையை மறந்து உட்கார்ந்துவிட்டார். காபி வந்தது. கையிலிருந்த டாங்கியை மேஜையின் எதிர் ஓரத்தில், மூக்கு தன்னை நோக்கி இருக்கும்படி வைத்தார். பிறகு குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். முட்டி வலிக்காரர் அப்படிக் குனிந்ததைப் பார்த்து வீட்டுக்காரரும் பக்கத்தில் குனிந்தார்.

"இப்ப சொல்லு தம்பி. நடுவுல இருக்கா, முன்னாடி இருக்கா?"

தெரியவில்லை. நேரே பார்க்கும்போது குழல் என்பது ஒரு வட்டம். புடைப்பு நடுவில் இருந்தாலும் முனையில் இருந்தாலும் அதே வட்டம்தான்.

"பக்கவாட்டுல வந்தா டப்பா தெரியும். நேரா வந்தா ஒண்ணும் தெரியாது. சாயங்கால வெளிச்சம், தூசி. கமாண்டர் பாக்கறாரு, நான் பாக்கறேன். ரெண்டு பேரும் பேசல."

"சுட்டீங்களா சார்?"

"சுட்டோம். ராத்திரி ரேடியோவுல நம்ம ஸ்குவாட்ரன் வண்டி ஒவ்வொண்ணா பதில் சொல்லுச்சு. கடைசி வண்டி பதில் சொல்ற வரைக்கும் நான் தண்ணி குடிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். பத்திரிகையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். விளையாட வந்திருந்த நண்பர்கள் இருவரும் அன்று பகடையைத் தொடவில்லை.

அடுத்த வாரம் எம்-சீல் பொட்டலம் ஒன்றும் பழைய பேனா ரீஃபிலும் மேஜைக்கு வந்தன. ஆறு டாங்கிகளில் நான்குக்குக் குழல் நடுவே புடைப்பு ஏறியது. மற்ற இரண்டும் பெயிண்ட் மாறி எதிர்க்கரைக்குப் போயின. ரிசால்தார் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஒன்றில் உருளை மெலிவாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

விளையாட்டின் சட்டத்திலும் ஒரு வரி கூடியது. இரண்டு சாணுக்கு அப்பால், மூக்கு மட்டும் தெரியும்படி நிற்கிற டாங்கியை யாருடையது என்று ஆடுபவர் தீர்மானிக்கக் கூடாது. முதலில் சுடலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். பிறகு பகடை. ஒன்று விழுந்தால் அது சொந்த வண்டி. இங்கிலாந்தின் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடச் சட்டப் புத்தகமே எழுதியவர், பகடையே இல்லாமல். அவரோடு ஆடியவர்களுக்கு யாரைச் சுடுகிறோம் என்ற சந்தேகம் வந்திருக்காது. ரிசால்தார் ஆட்டத்தில் சேருவதில்லை, நாற்காலி போட்டுப் பார்ப்பார். அந்தப் பகடை உருளும்போது மட்டும் காபி டம்ளரைக் கொடுக்க எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறார்.

2022 குடியரசு தின அணிவகுப்பை இருவரும் அதே ஹாலில் டி.வி.யில் பார்த்தார்கள். 1971 வெற்றியின் பொன்விழாவை ஒட்டி ராஜபாதையில் (செப்டம்பரில் அது கர்த்தவ்ய பாதை ஆயிற்று) பழைய செஞ்சூரியன் ஒன்று வந்தது. பசந்தரில் அருண் கேத்ரபால் ஓட்டிச் சென்று உயிர்விட்ட ரகம். பின்னோடு பி.டி.-76. மேல்வீட்டுக்காரர் பெயர்களை முந்திக்கொண்டு சொன்னார், ஒன்றும் தப்பவில்லை. ரிசால்தார் அர்ஜுன் போகும்வரை காத்திருந்தார். "என் வண்டி வரலியே" என்றார்.

விஜயந்தாவும் வரவில்லை. அது கடைசியில் நேரு பிளேஸிலிருந்து வந்தது. வெளிநாட்டு ரசிகர் ஒருவர் கம்ப்யூட்டரில் வரைந்த வடிவத்தை விலைக்கு வாங்கி, அங்கே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் கொடுத்து எடுத்தது. பெட்டி வராததால் சுங்கமும் இல்லை. இப்போது பிரைமர் பூசி பால்கனியில் காய்கிறது. ரிசால்தார் சக்கரங்களை எண்ணிவிட்டார், ஆறு. குழல் நடுவே புடைப்பு இதற்குப் பிறவியிலேயே உண்டு, எம்-சீல் வேண்டாம். குழல்தான் கொஞ்சம் வளைந்திருக்கிறது. வெந்நீரில் முக்கி நிமிர்த்த வேண்டும்.